அது குறட்டை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிறையில் அடைக்கப்பட்ட ஒருவர் போதைப்பொருளால் இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் அதன் பின்னால் வரும் கேள்வி ஒன்றுதான்: இத்தனை பூட்டுக்குள்ளே அந்தப் பொருள் எப்படிப் போனது? நியாயமான கேள்வி, விசாரிக்கட்டும். ஆனால் சிறை மருத்துவத்திலும் போதை மீட்புச் சிகிச்சையிலும் இருக்கும் எங்களுக்குத் தெரிந்தவரை, அந்த உயிரைக் காப்பாற்றியிருக்கக் கூடிய விஷயங்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்விக்கு வெளியே இருக்கின்றன. உள்ளே வந்த முதல் நாள் அவரிடம் யார் என்ன கேட்டார்கள், அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மருந்தை யார் நிறுத்தினார்கள், இரவில் ரோந்து வந்தவர் எதைப் பார்த்தார், அறைச் சாவி யாரிடம் இருந்தது. இவற்றை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறோம்.

முதலில் அந்த மரணம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் போன்ற அபின் இன மருந்துகள் எல்லாம் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் மையத்தை அமுக்குகின்றன. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை ஓட வேண்டிய மூச்சு 10, 8, 6 என்று இறங்குகிறது. தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிகிறது. மூச்சுப் பாதை பாதி அடைகிறது. அப்போது ஒரு சத்தம் வரும். கனமாக, இழுத்து இழுத்து, இடையிடையே நின்று, தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போல. கதவுக்கு வெளியே நிற்பவர் காதுக்கு அது குறட்டை. ஆழ்ந்த தூக்கம் என்று நினைத்து அவர் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். ரோந்து நோட்டில் 'தூங்குகிறார்' என்று ஏறிவிடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவரும் அப்படியே நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அது ஒரு மனிதனுக்கு மூச்சு அடைபடும் சத்தம்.

இதயம் அந்த நேரத்திலும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த மரணத்தில் முதலில் ஓய்வது மூச்சு. ஆக்சிஜன் கிடைக்காமல் இதயம் பிறகுதான் நிற்கிறது. மூச்சு மந்தமாகத் தொடங்குவதற்கும் இதயம் நிற்பதற்கும் இடையிலான நேரம் ஊசியில் ஏற்றிய ஃபென்டனிலுக்குச் சில நிமிடங்கள். விழுங்கிய மருந்துகளுக்குப் பல மணி நேரம்கூட இருக்கும். வாயால் சாப்பிட்ட மெத்தடோன் இரத்தத்தில் உச்சத்தைத் தொடுவதற்கே ஏறத்தாழ இரண்டரை முதல் 4 மணி நேரம் ஆகும். மாலையில் அறைகளைப் பூட்டிய பிறகு விழுங்கியவர் நள்ளிரவில் ஆபத்தில் இருப்பார். காலையில் தலை எண்ணும்போது உடம்பு விறைத்துக் கிடக்கும். விறைப்பு ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். அத்தனை மணி நேரத்துக்கும் நோட்டில் 'தூங்குகிறார்' என்று வரிசையாக எழுதியிருந்தால், எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்று கேட்டாக வேண்டும்.

'பார்த்தேன்' என்பதற்கு என்ன பொருள் என்பதை ஒவ்வொரு சிறையும் எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் கண்டேன் என்பதுதான் அந்தப் பொருள். போர்வை தலைக்கு மேல் இழுத்திருந்தால் விலக்கச் சொல்ல வேண்டும். சத்தம் சரியில்லை என்று பட்டால் 30 விநாடி மூச்சை எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். 12-க்குக் கீழே இறங்கினால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அசைவில்லையென்றால் ஆளைக் கூப்பிட்டு உள்ளே போய், மார்பெலும்பின் நடுவில் விரல் முட்டிகளால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தூங்குகிறவர் முனகிக்கொண்டாவது கையைத் தட்டிவிடுவார். தட்டிவிடாதவர் தூங்கவில்லை. கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடு நீலம் பூத்திருக்கும். கறுத்த நிறத்தவர்களிடம் அது வெளியே தெரியாது, உதட்டின் உட்புறத்தையும் ஈறையும் நகக்கண்ணையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதை அனுபவமுள்ள செவிலியர்கள் மட்டுமே கவனிக்கிறார்கள். வித்ட்ராயலில், அதாவது பழகிய போதை திடீரென நின்றதால் உடம்பு படும் அவஸ்தையில், இருப்பவருக்குத் தூக்கம் வராது. வியர்த்து, கொட்டாவி விட்டு, கால் உதறி, வாந்தி எடுத்து, இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பார். இரண்டு இரவு அப்படிப் புரண்டவர் மூன்றாம் இரவு திடீரென அசந்து தூங்கினால், 'அப்பாடா, கொஞ்சம் தூங்கட்டும்' என்று விடக் கூடாது. அவர் கைக்கு ஏதோ கிடைத்திருக்கலாம். அந்த இரவு அரை மணிக்கு ஒருமுறை போய் மூச்சை எண்ண வேண்டும். ரோந்து வரும் நேரமும் முன்கூட்டித் தெரியாதபடி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரம் பார்த்து வரும் ரோந்துக்கு நடுவில் எல்லாமே நடந்துவிடும்.

கண்டுபிடித்த பிறகு கையில் இருக்க வேண்டியது நலோக்சோன். அபின் இன மருந்தை மூளையிலிருந்து விலக்கிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும் மாற்று மருந்து அது. அமெரிக்காவில் 1971-இல் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1983 முதல் இருக்கிறது. ஓவர்டோஸை, அதாவது அளவு மீறிய மருந்தால் ஒருவர் மயங்குவதை, பார்க்க நேரும் எவருக்கும் இதைக் கொடுத்துப் பயிற்சி தர வேண்டும் என்று அதே நிறுவனம் 2014-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அபின் மருந்து உடம்பில் இல்லாதவருக்குத் தவறிப் போட்டாலும் கெடுதல் செய்யாது. 'எதைச் சாப்பிட்டார் என்று தெரியவில்லையே' என்று தயங்கி நிற்கத் தேவையே இல்லை.

தொடையின் வெளிப்புறத் தசையில் 0.4 மில்லிகிராம் ஊசி, அல்லது ஒரு மூக்குத் துவாரத்தில் 4 மில்லிகிராம் ஸ்பிரே. மூக்கு ஸ்பிரேயைச் சோதித்துப் பார்ப்பதற்காக முன்கூட்டி அழுத்தக் கூடாது. ஒரு கருவியில் ஒரே ஒரு தடவைக்குத்தான் மருந்து இருக்கிறது. பயிற்சி இல்லாதவர்கள் அதைக் காற்றில் அடித்து வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது. 2 முதல் 3 நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லையென்றால் அடுத்ததைப் போட வேண்டும். ஆனால் அந்த 3 நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மருந்து வேலை செய்தும் ஆள் பிழைக்க மாட்டார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்தி, 5 விநாடிக்கு ஒரு மூச்சு வீதம் ஊத வேண்டும். அதற்கு ஒரு பாக்கெட் மாஸ்க் போதும். உயிரைத் திருப்பித் தருவது ஆக்சிஜன். நலோக்சோன் அதற்கு வழி திறக்கிறது. நாடித் துடிப்பும் இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியையும் உடனே தொடங்க வேண்டும்.

எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றால் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். மெத்தடோன் அதைவிடப் பல மடங்கு நேரம் உடம்பில் இருக்கும். நலோக்சோன் வடிந்ததும் பழைய மருந்து மறுபடியும் மூச்சை அமுக்கும். அதனால் எழுந்தவரை மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். நலோக்சோன் போட்டதும் வித்ட்ராயல் ஒரே வீச்சில் வந்துவிடும். வாந்தி, நடுக்கம், எரிச்சல், சில சமயம் கோபம். அதை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொண்டு தனியறையில் தள்ளிப் பூட்டினால், இரண்டாவது மயக்கம் யார் கண்ணிலும் படாத இடத்தில் நடக்கும். இதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இந்த மருந்து எங்கே இருக்கிறது என்பது மருந்து இருக்கிறதா என்பதைவிடப் பெரிய கேள்வி. மருந்தகத்தில் பூட்டிய அலமாரியில், இரவில் செவிலியர் இல்லாத கட்டடத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். இரவுப் பணியாளரிடம் அறைச் சாவி இல்லாமல், மேலதிகாரி வந்துதான் திறக்க வேண்டும் என்ற ஏற்பாடு பல சிறைகளில் உண்டு. பாதுகாப்புக்காகச் செய்தது, புரிகிறது. ஆனால் மூச்சு நின்று 4 நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கும் ஒரு நிலைக்கு 10 நிமிடச் சாவி ஏற்பாடு பொருந்தாது. உயிர் ஆபத்து என்று கண்டால் அவசரச் சாவியின் முத்திரையை உடைத்துக் கதவைத் திறக்கலாம் என்ற விதி, ஒவ்வொரு தளத்திலும் இரண்டு நலோக்சோன், ஒரு மாஸ்க், ஆம்புலன்ஸ் உள்ளே வருவதற்கு எந்தக் கதவை யார் திறப்பது என்ற தெளிவு. இவ்வளவும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஸ்டாப்வாட்ச் வைத்து இரவு நேரத்தில் ஒத்திகை பார்த்தால் எங்கே நிமிடங்கள் கரைகின்றன என்பது தானாகத் தெரிந்துவிடும். பகல் ஒத்திகையில் தெரியாது.

காவலர்கள் தொடத் தயங்குவதையும் நாங்கள் அறிவோம். ஃபென்டனில் தூள் கையில் பட்டாலே மயங்கி விழுவார்கள் என்று பரவிய பேச்சுதான் காரணம். அமெரிக்காவின் மருத்துவ நச்சியல் அமைப்புகள் இரண்டு 2017-இலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டன: தோலில் தற்செயலாகப் படுவதால் ஓவர்டோஸ் வரும் சாத்தியம் மிக மிகக் குறைவு. சாதாரண நைட்ரில் கையுறை போதும். தூளைத் தட்டிப் பறக்கவிடாமல், பிறகு கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால் சரி. இந்த ஒரு பயத்தைப் போக்குவதற்கு ஒரு மணி நேர வகுப்பு போதும்.

அறையில் கூட இருப்பவர்தான் எப்போதும் முதலில் பார்ப்பவர். அவர் ஏன் மணியடிப்பதில்லை? அடித்தால் அறை முழுக்கச் சோதனை, தன் மேல் வழக்கு, சந்திப்பு ரத்து, தண்டனைக் குறைப்பு பறிபோவது எல்லாம் வரும் என்று அவருக்குத் தெரியும். உதவி கேட்டவர் மீதும் மயங்கியவர் மீதும் அந்தச் சம்பவத்துக்காக நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் சொல்லி, அதைக் காப்பாற்றியும் காட்டினால்தான் மணி ஒலிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சிறைகளில் 2021-இல் நலோக்சோனைக் கைதிகள் கையெட்டும் இடத்திலேயே வைத்தார்கள். அவர்களே எடுத்து மயங்கிய சக கைதிகளுக்குப் போட்டு எழுப்பினார்கள். ஊசி வேண்டாம் என்றால் மூக்கு ஸ்பிரே இருக்கிறது. அதில் ஆயுதமாக்கக் கூடியது எதுவும் இல்லை, அதை வைத்து யாரும் போதை ஏற்றிக்கொள்ளவும் முடியாது.

இனி உள்ளே வரும் நாளுக்கு வருவோம். அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரத்தில், மாநிலச் சிறைகளில் போதையாலோ மதுவாலோ நேர்ந்த மரணங்கள் 2001-இல் 35, 2018-இல் 249. விசாரணைக் காலத்தில் அடைக்கும் உள்ளூர்ச் சிறைகளைத் தனியாகப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது: அங்கே இப்படி இறந்தவர்களில் சரிபாதிப் பேர் உள்ளே வந்து ஏறக்குறைய ஒரு நாளுக்குள் இறந்திருக்கிறார்கள். அதாவது சுவரைத் தாண்டி வந்த சரக்கு அவர்களைக் கொல்லவில்லை. வரும்போதே வயிற்றிலோ இரத்தத்திலோ இருந்தது கொன்றிருக்கிறது.

கைதாகும்போது பயத்தில் கையிலிருந்ததை அப்படியே விழுங்குவது சகஜம். பிளாஸ்டிக்கில் சுற்றியது வயிற்றில் சில மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டுப் பிரியும். 'ஏதாவது விழுங்கினாயா' என்று வழக்குப் போடும் அதிகாரி கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். கேட்க வேண்டியவர் செவிலியர். கேட்க வேண்டிய இடம் காவலர் காதுக்கு எட்டாத இடம். சொல்ல வேண்டிய வார்த்தை, 'நீங்கள் சொல்வது வழக்கில் சேராது, உங்கள் உயிருக்காகக் கேட்கிறேன்' என்பது. அந்த வார்த்தை உண்மையாகவும் இருக்க வேண்டும். விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே சிறை ஏற்கக் கூடாது, நேராக மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நடக்க முடியாமல், பேச்சு குழறி வருபவரை 'போதை தெளியட்டும்' என்று மூலையில் கிடத்துவதும் இதே ரகம்தான். போதை ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியாது.

சிறைவாசிகளை நடத்துவதற்கான ஐக்கிய நாடுகள் சபையின் குறைந்தபட்ச விதிகள், 2015 டிசம்பரில் பொதுச்சபை ஏற்றவை, நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயர் பெற்றவை, இதைச் சொல்லியே இருக்கின்றன. 24-ஆவது விதி, வெளியே உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் உள்ளே மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது. 30-ஆவது விதி, உள்ளே வந்தவரைக் கூடிய சீக்கிரம் மருத்துவர் பார்க்க வேண்டும் என்கிறது. போதைப்பொருள், மருந்து, மது ஆகியவற்றை நிறுத்துவதால் வரும் வித்ட்ராயலைக் கண்டறிவதும் அந்த விதியில் பெயர் சொல்லி இருக்கிறது.

வித்ட்ராயலிலும் ஆள் இறப்பார். 'அபின் வித்ட்ராயல் கஷ்டம்தான், கொல்லாது' என்று பாடப் புத்தகத்தில் படித்ததை அப்படியே நம்பக் கூடாது. நாள் கணக்கில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்து, குடிக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், உப்புச் சத்து சரிந்து இதயம் நிற்கும். வெளியே இருப்பவர் மருத்துவமனைக்கு ஓடுவார். உள்ளே இருப்பவர் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். மது, தூக்க மாத்திரை ஆகியவற்றை நிறுத்தினால் வலிப்பே வரும். நாடித் துடிப்பு, வியர்வை, கண்மணி, நடுக்கம், கொட்டாவி என்று 11 விஷயங்களுக்கு மதிப்பெண் போடும் படிவம் ஒன்று இருக்கிறது. அதை நாளைக்கு இரண்டு மூன்று தடவை நிரப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, தங்கவில்லையென்றால் சிரை வழியே திரவம் ஏற்ற வேண்டும். எளிய வேலை. செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அதிக உயிர்களைக் காப்பாற்றுவது சிகிச்சை மருந்துதான்: மெத்தடோன், பியூப்ரினார்ஃபின். இவையும் அபின் இனம்தான், ஆனால் மருத்துவர் பார்த்துச் சரியான அளவில் கொடுத்தால் வித்ட்ராயலையும் போதை ஏக்கத்தையும் அடக்கும். வெளியே இவற்றை ஒழுங்காகச் சாப்பிட்டுவந்தவரிடமிருந்து, உள்ளே வந்த அன்றே பறித்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்ற பழைய எண்ணம்தான். நீரிழிவுக்காரரின் இன்சுலினை யாரும் இப்படிப் பறிப்பதில்லை.

இங்கே அளவு மிக முக்கியம், அதனால் விவரமாகச் சொல்கிறோம். மெத்தடோன் உடம்பில் மெதுவாகக் கரைகிறது. தினமும் கொடுக்கும்போது நேற்றையதின் மிச்சத்தின் மேல் இன்றையது சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் ஆபத்து அதிகம். பொதுவாக முதல் நாள் 10 முதல் 20 மில்லிகிராம், மிஞ்சினால் 30. பிறகு சில நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. வெளியே 80 மில்லிகிராம் சாப்பிட்டவர் பிடிபட்டு 5 நாள் மருந்தில்லாமல் இருந்துவிட்டு வந்தால், பழைய சீட்டைப் பார்த்து 80-ஐ அப்படியே கொடுப்பது கொலைக்குச் சமம். அவர் கடைசியாக மருந்து வாங்கிய இடத்துக்குப் போன் செய்து, எந்தத் தேதியில், எவ்வளவு என்று உறுதி செய்த பிறகே அளவைத் தீர்மானிக்க வேண்டும். பியூப்ரினார்ஃபின் இந்த வகையில் பாதுகாப்பானது. அளவு கூடினாலும் மூச்சை அமுக்குவது ஒரு எல்லைக்கு மேல் போகாது. அதற்கு வித்ட்ராயல் தெளிவாகத் தொடங்கிய பிறகு 2 முதல் 4 மில்லிகிராமில் ஆரம்பிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகக் கொடுத்தால் வித்ட்ராயலை அதுவே கிளப்பிவிடும். நோயாளி அதன் பிறகு அந்த மாத்திரையைத் தொடவே மாட்டார். தூக்க மாத்திரையோ, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரகாபாலினோ கூடவே சேர்ந்தால் எந்த எல்லையும் செல்லாது. இறந்தவர்களின் இரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து இருப்பதை மறக்கக் கூடாது.

'மாத்திரையை வாயில் ஒளித்து வைத்து விற்பார்கள்' என்பது சிறை நிர்வாகங்கள் சொல்லும் மறுப்பு. உண்மைதான், நடக்கிறது. நாக்கடியில் வைக்கும் மாத்திரை கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்த்து, பிறகு தண்ணீர் குடிக்க வைத்து வாயைப் பார்க்க வேண்டும். அதற்கும் ஆளில்லையென்றால் மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் பியூப்ரினார்ஃபின் ஊசி 2017-இலிருந்து இருக்கிறது. அதை யாரும் ஒளித்து வைக்க முடியாது. ஒன்றையும் கவனியுங்கள்: சிகிச்சை எல்லாருக்கும் கிடைக்கும் சிறையில் திருட்டு மாத்திரைக்குக் கிராக்கி குறையும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-இல் தன் சிறைகளில் எல்லாருக்கும் இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் முதல் 6 மாதத்தில் மாநிலத்தில் ஓவர்டோஸால் இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வெளிவந்தவர்கள். அடுத்த ஆண்டின் முதல் 6 மாதத்தில் அந்த எண்ணிக்கை 9. இங்கிலாந்தில் 39 சிறைகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வில், விடுதலையாகும் நாளில் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு முதல் மாதத்தில் போதை மருந்தால் இறக்கும் ஆபத்து 85 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் செய்த ஆய்வில், சிறைக்குள் முதல் 4 வாரத்தில் மரண ஆபத்து 94 விழுக்காடு குறைந்திருந்தது. இவ்வளவு பலன் தரும் வேறு மருந்து சிறை மருத்துவத்தில் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

விடுதலை நாளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் முடிக்க முடியாது. உடம்பு பழகிய அளவு சில வாரம் போதை இல்லாமல் இருந்தாலே இறங்கிவிடும். மனசுக்கு அது தெரியாது. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுப்பார். அது இப்போது இரண்டு மூன்று மடங்குக்குச் சமம். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த 30,237 பேரைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் ஓவர்டோஸால் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு என்று கண்டது. ஸ்காட்லாந்து 2011 முதல் சிறையிலிருந்து போகிறவர் கையில் நலோக்சோன் கொடுத்தனுப்பியது. அபின் மரணங்களில் விடுதலையான 4 வாரத்துக்குள் நேர்ந்தவற்றின் பங்கு 9.8 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆக இறங்கியது.

நடைமுறையில் எங்கே சறுக்குகிறது என்றால், நலோக்சோனை விடுதலை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில். விசாரணைக் கைதிகளில் பலர் நீதிமன்றத்திலிருந்தே ஜாமீனில் போய்விடுகிறார்கள். சிறைக்குத் திரும்பி வருவதே இல்லை. அவர்களுக்கு அந்த நலோக்சோன் பை கிடைக்காது, மருந்துச் சீட்டும் கிடைக்காது. அதனால் உள்ளே வந்த வாரமே பயிற்சி கொடுத்து, நலோக்சோனை அவருடைய சொந்த உடைமைகளோடு சேர்த்து வைத்து, நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பை கூடவே போக வேண்டும். அடுத்தது கிழமை. வெள்ளிக்கிழமை மாலை வெளியே வந்தால் மருந்தகம், மருத்துவர், தங்குமிடம் எல்லாம் திங்கள்வரை மூடியிருக்கும். அந்த இரண்டு நாளைக் கடப்பதற்காகவே இங்கிலாந்து 2023-இல் ஒரு சட்டம் இயற்றி, வெள்ளிக்கிழமை விடுதலையை இரண்டு வேலை நாள் வரை முன்கூட்டியே நடத்த வழி செய்தது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 7 நாள் மருந்தும், அடுத்த மருத்துவரின் பெயரும் நேரமும் எழுதிய சீட்டும், வீட்டாருக்கு ஒரு வார்த்தையும் போதும். 'இரண்டு வாரம் தனியாக விடாதீர்கள், குறட்டை வித்தியாசமாகக் கேட்டால் எழுப்பிப் பாருங்கள்' என்று.

கடத்தலைத் தடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக. சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சோதனை இறுக இறுக, சின்ன இடத்தில் அடங்கும் வீரியமான பொருளாகத்தான் வரத் தொடங்கும். ஃபென்டனில் ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுள்ளது. கடிதத் தாளில் செயற்கைக் கஞ்சா ரசாயனத்தை ஊறவைத்து அனுப்புகிறார்கள். தாள் முழுக்க ஒரே அளவாக ஊறுவதில்லை. ஒரு மூலையைக் கிழித்துப் புகைத்தவருக்கு ஒன்றும் ஆகாது, அதே தாளின் இன்னொரு மூலை ஆளைச் சாய்த்துவிடும். இதற்கு நலோக்சோன் வேலை செய்யாது. ஆனாலும் போட வேண்டும், மூச்சு ஊத வேண்டும். கூடவே அபின் கலந்திருக்கலாம். கடிதங்களை நிறுத்தி, சந்திப்பையும் நிறுத்தினால் போதை நின்றுவிடும் என்று நம்புபவர்கள் 2020-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனாவுக்காக எத்தனையோ சிறைகளில் பார்வையாளர் சந்திப்பு முழுவதும் நின்றது. போதை நிற்கவில்லை.

மரணத்துக்குப் பிறகு நடப்பதும் அடுத்த மரணத்தைத் தீர்மானிக்கிறது. சான்றிதழில் 'இதயம் நின்றதால்' என்று எழுதினால் அது காரணமே இல்லை. எல்லா மரணத்திலும் இதயம் நிற்கும். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை மார்ஃபின் இனத்தைத்தான் காட்டும். ஃபென்டனிலைக் காட்டாது, மெத்தடோனுக்கும் தனிப் பட்டை வேண்டும். 'பரிசோதனையில் ஒன்றுமில்லை' என்பதன் பொருள் பல சமயம் 'தேடவில்லை' என்பதுதான். இரத்தத்தை இதயத்திலிருந்து எடுக்காமல் தொடைச் சிரையிலிருந்து எடுக்க வேண்டும்; இறந்த பிறகு மருந்துகள் உறுப்புகளிலிருந்து கசிந்து இதய இரத்தத்தில் அளவைக் கூட்டிக் காட்டும். சிறுநீர், கண்ணின் உள்திரவம் ஆகியவற்றையும் எடுத்து வைத்தால் பிறகு சந்தேகம் வரும்போது திரும்பிப் பார்க்கலாம். மருத்துவமனையில் பல நாள் கிடந்து இறந்தவருக்கு, அனுமதித்த நாளில் எடுத்த முதல் இரத்த மாதிரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடைசி நாள் இரத்தத்தில் எதுவும் மிச்சமிருக்காது. மண்டேலா விதிகளின் 71-ஆவது விதி, சிறை மரணத்தைச் சிறை நிர்வாகம் சாராத அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. ரோந்து நோட்டும் கேமரா பதிவும் அன்றே முத்திரையிடப்பட வேண்டும். பல கேமராக்களில் பழைய பதிவு சில வாரத்தில் தானாகவே அழிந்துவிடும்.

இந்த விஷயத்தில் உங்கள் நாளிதழிடம் ஓர் உதவி கேட்கிறோம். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, சரக்கு எப்படி உள்ளே போனது என்று கேட்கும் நிருபர், கூடவே இவற்றையும் கேட்டு எழுதட்டும். உள்ளே வந்தபோது அவரை மருத்துவர் எத்தனை மணிக்குப் பார்த்தார்? வெளியே என்ன மருந்து சாப்பிட்டுவந்தார், உள்ளே அது தொடர்ந்ததா? கடைசியாக அவர் விழித்திருந்து பேசியதைப் பார்த்தவர் யார், எப்போது? அதன் பிறகு நோட்டில் எத்தனை தடவை 'தூங்குகிறார்' என்று இருக்கிறது, அந்த நேரங்கள் கேமராவோடு ஒத்துப்போகின்றனவா? மணியடித்ததிலிருந்து கதவு திறக்க எத்தனை நிமிடம்? நலோக்சோன் எந்த அறையில் இருந்தது? கதவைத் திறந்தபோது உடம்பு சூடாக இருந்ததா, விறைத்திருந்ததா?

இப்படிக்கு,
சிறை மருத்துவப் பணியிலும் போதை மீட்புச் சிகிச்சையிலும் இருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள்